விடுமுறை முடிவதற்குள் ஒரு வலைப்பூ: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

கல்லூரி திறக்க இன்னும் 20 நாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியை இன்று காலை வெளியே இழுத்தேன். உள்ளே போன வருடத்து நூலக ரசீது ஒன்றும் மூடி தொலைந்த பேனா ஒன்றும் இருந்தன. துணி அடுக்கத்தான் உட்கார்ந்தேன். அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போய்விட்டது. புத்தகத்தைத் திருப்ப வேண்டிய தேதி, தேர்வுக்கு முந்தைய நாள். அன்று யாரோடு நூலகத்துக்கு நடந்தேன், படிக்கட்டில் எதற்காகச் சண்டை போட்டேன், திரும்பி வரும்போது எப்படிச் சமாதானம் ஆனோம் என்று எல்லாம் வரிசையாக வந்தது.

கோடையின் கடைசி வாரங்களுக்கு இப்படி ஒரு குணம் உண்டு. போன வருடம் இப்போதுதான் தெளிவாகத் தெரியத் தொடங்கும், அடுத்த வருடம் இன்னும் வந்திருக்காது. கையில் நேரம் இருக்கும், அது தீரப்போகிறது என்பதும் தெரியும். சொந்த வாழ்க்கையை எழுதத் தொடங்க இதுதான் நல்ல சமயம் என்பது என் அனுபவம். ஒரு முறை விடுமுறையின் நடுவில் வலைப்பூ (பிளாக்) தொடங்கினேன். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று அது அப்படியே கிடந்தது. இன்னொரு முறை வகுப்புகள் தொடங்கிய பிறகு ஆரம்பித்தேன், முதல் இன்டர்னல் தேர்வோடு நின்றுபோனது. மூன்றாவது முறை விடுமுறையின் கடைசி மூன்று வாரத்தில் தொடங்கியது இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எப்படிச் செய்தேன் என்பதை, நீங்களும் செய்யலாம் என்ற எண்ணத்தில் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வாரம்: நோட்டு மட்டும்

தளம், பெயர், டிசைன் எதையும் இந்த வாரம் தொடாதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் தளத்தின் நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றிக்கொண்டே இரண்டு நாளைக் கழித்துவிட்டு, எழுத உட்காரும்போது களைத்துப்போகிறார்கள். நோட்டு ஒன்று, பேனா ஒன்று போதும். ஃபோனில் எழுதத்தான் கை வருகிறது என்றால் அதிலேயே எழுதுங்கள்.

தினமும் ஐந்தே வரி. மணி என்ன, எங்கே இருக்கிறீர்கள், கண்ணெதிரே இருக்கும் ஒரு பொருள், அன்று ஒருவர் சொன்ன ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தபடியே. கடைசி வரியில் மட்டும் உங்கள் மனதில் ஓடியதை எழுதுங்கள். இந்த வரிசை முக்கியம். மனதில் ஓடுவதை முதலில் எழுதினால் 'ஏதோ ஒரு மாதிரி இருக்கிறது' என்றுதான் வரும். பொருளையும் பேச்சையும் எழுதிவிட்டு அங்கே வந்தால், அந்த 'ஏதோ' என்னவென்று பேனாவுக்கே பிடிபட்டிருக்கும்.

கவனிக்க ஒன்றும் இல்லை என்று தோன்றினால் இதைச் செய்து பாருங்கள். சாயங்காலம் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஜன்னல் வழியாக அறைக்குள் விழும் வெயிலின் ஓரத்தில் சுவரில் மெல்லிய பென்சில் கோடு ஒன்று போடுங்கள். மறுநாள் அதே மணிக்கு, அதே நிமிடத்துக்கு, இன்னொரு கோடு. அடுத்தடுத்த கோடுகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம்தான் இருக்கும். ஒரு வாரம் போனால் முதல் கோட்டிலிருந்து வெயில் விலகிப்போயிருப்பது கண்ணுக்கே தெரியும். பூமியின் வடபாதியில் ஜூன் 21 வாக்கில் சூரியன் வடகோடியைத் தொடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு அதன் பாதை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு தெற்கு நோக்கி நகர்ச்சி வேகம் எடுத்து, செப்டம்பர் 22, 23 வாக்கில் உச்சத்துக்கு வரும். ஜூலை முழுக்கக் கண்ணில் படாத மாற்றம் ஆகஸ்ட் கடைசியில் திடீரென்று தெரிவது அதனால்தான். கோடை போகிறது என்று நம் உடம்பு சொல்வது வெறும் மனநிலை இல்லை என்று என் சுவரில் இருந்த ஏழு கோடுகள் எனக்குக் காட்டின. என் தொடக்கப் பதிவுகளில் ஒன்று அந்தக் கோடுகளைப் பற்றியதுதான்.

இரண்டாவது: யார் படிக்கப்போகிறார்கள்?

உலகத்துக்கு எழுதாதீர்கள். ஒரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் படிக்கப் போய்விட்ட பள்ளித் தோழி, உங்களைவிட இரண்டு வயது சின்னத் தம்பி, அல்லது ஐந்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கப்போகும் நீங்களே. அந்த ஆளுக்கு எதை விளக்க வேண்டும், எதை விளக்க வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும். நடையும் அதிலிருந்தே வரும்.

மூன்றாவது: எங்கே எழுதுவது

பள்ளி நாட்களில் ஒரு ஆப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். பதினோரு பதிவுகள் இருந்தன. ஒரு நாள் அந்தச் சேவையை மூடப்போவதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. தேர்வு நேரம் என்பதால் நான் அதைப் பார்க்கவே இல்லை. பார்த்தபோது கெடு தாண்டியிருந்தது. அதில் ஒரு பதிவு, எங்கள் வகுப்பு கடைசியாக ஒன்றாக உட்கார்ந்த மதியத்தைப் பற்றியது. அதை நினைவிலிருந்து திரும்ப எழுதிப் பார்த்தேன். வாக்கியங்கள் வந்தன, அந்த மதியம் வரவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. லட்சக்கணக்கானவர்களின் சொந்தப் பக்கங்கள் இருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. போஸ்டரஸ் என்ற வலைப்பூத் தளம் 2013 ஏப்ரலில் போனது. ஆகவே ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அழகைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எழுதியது எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? கணக்கு இல்லாத ஒருவர் லிங்க்கைத் தட்டினால் உடனே படிக்க முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் மேலே போங்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது பிளாக்கர் அல்லது வேர்ட்பிரஸ். பிளாக்கர் 1999-ல் வந்தது, 2003-லிருந்து கூகுளிடம் இருக்கிறது. கூகுள் கணக்கு இருந்தால் சில நிமிடங்களில் தொடங்கிவிடலாம், பணம் கிடையாது. வேர்ட்பிரஸ் மென்பொருள் 2003 மே மாதம் வெளியானது. அதையே தயார்நிலையில் தரும் வேர்ட்பிரஸ்.காம் தளத்தில் இலவசக் கணக்கு உண்டு, ஆனால் உங்கள் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் வரும். எழுதும் பலகை வேர்ட்பிரஸில் நன்றாக இருக்கிறது, எளிமை பிளாக்கரில். கணினி படிக்கிறவர்கள், நிரல் எழுதுகிறவர்கள் கோப்புகளை வைக்கும் கிட்ஹப் தளத்தின் கிட்ஹப் பேஜஸ் பக்கம் போகலாம், கோப்புகள் முழுக்க உங்கள் கையில் இருக்கும். ஆனால் முதல் வாரமே அங்கே போனால் எழுதுவதை விட்டுவிட்டு நிரல் எழுதிக்கொண்டிருப்பீர்கள் என்று நண்பர்களைப் பார்த்து எனக்குத் தெரியும்.

பெயர் வைப்பதில் ஒன்றே ஒன்று. பிளாக்கரில் முகவரியைப் பிறகு மாற்றலாம், ஆனால் மாற்றினால் பழைய லிங்க் எதுவும் வேலை செய்யாது. வருடம், வகுப்பு, விடுதி எண் என்று கடந்துபோகிற எதையும் முகவரியில் சேர்க்காதீர்கள். படிப்பு முடிந்த பிறகும் உங்களுக்குப் பொருந்துகிற பெயராக இருக்கட்டும்.

நான்காவது: முதல் பதிவு

'வணக்கம், இது என் முதல் பதிவு, இனி அடிக்கடி எழுதுவேன்' என்று தொடங்காதீர்கள். அடிக்கடி எழுதுவேன் என்ற வாக்குறுதி உங்கள் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். நேராக விஷயத்துக்குள் போங்கள்.

நோட்டை எடுங்கள். ஏழு நாளில் எழுதிய முப்பத்தைந்து வரிகளைப் படியுங்கள். எந்த வரியில் உங்கள் கண் கொஞ்சம் நேரம் நிற்கிறதோ, அதுதான் பதிவு. என் நோட்டில் இருந்ததை அப்படியே காட்டுகிறேன். முதலில் நான் எழுதிய வரைவு இது:

'விடுமுறை மிக வேகமாக முடிந்துவிட்டது. நண்பர்களைப் பிரிவது வருத்தமாக இருக்கிறது. மறக்க முடியாத பல நினைவுகள் கிடைத்தன.'

மூன்று வாக்கியத்திலும் பொய் இல்லை. ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். எந்த நண்பர், எந்த நினைவு என்று கேட்டால் பதில் இல்லை. நோட்டுக்குத் திரும்பிப் போய், இரண்டாவது முறை இப்படி எழுதினேன்:

'பேருந்து நிறுத்தத்தில் அவள் என் குடையை வாங்கிக்கொண்டாள். திருப்பித் தருகிறேன் என்றாள். எப்போது என்று நான் கேட்கவில்லை. இருவருக்கும் டிசம்பர் வரை லீவு இல்லை. வண்டி திரும்பியபோது ஜன்னலில் குடையின் கைப்பிடி மட்டும் தெரிந்தது.'

வருத்தம் என்ற சொல்லே இதில் இல்லை. அந்தத் தோழி இதைப் படித்துவிட்டுக் குடையின் படத்தை எனக்கு அனுப்பினாள். முதல் வரைவை அனுப்பியிருந்தால் கட்டைவிரல் ஒன்று வந்திருக்கும்.

எவ்வளவு நீளம் என்று கேட்பார்கள். முதல் பதிவுக்கு 300 சொல் தாராளம். ஒரு இடம், ஒரு பொழுது, ஒரு பொருள். வேறு ஏதாவது உள்ளே வர முயன்றால் அதற்கு வேறு பதிவு இருக்கிறது. எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் பேசாத ஒரு சொல் நாக்கில் இடறும். அந்த இடத்தை மாற்றுங்கள். பிறகு ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் முதல் பத்தியை நீக்கிப் பாருங்கள். என் பதிவுகளில் பாதிக்கு மேல் இரண்டாவது பத்தியில்தான் உண்மையில் தொடங்குகின்றன, முதல் பத்தி நான் தொண்டையைச் செருமிக்கொண்டது.

ஐந்தாவது: தமிழில் எழுதும்போது மட்டும் வரும் சிக்கல்கள்

தட்டச்சு முதலில். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாகும் முறை எல்லோருக்கும் பழக்கம். விடுமுறையில் நேரம் இருப்பதால் தமிழ்99 விசைப்பலகையையும் பழகிப் பாருங்கள் என்பேன். 12 உயிருக்கும் 18 மெய்க்கும் ஆய்தத்துக்கும் தலா ஒரு விசை, ஆக 31. உயிர் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். 'க்க' வேண்டுமென்றால் க-வை இரண்டு முறை அடித்தால் போதும், முதல் க-வுக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். முதல் நான்கு நாள் எரிச்சலாக இருக்கும். இரண்டாவது வாரத்தில் என் வாக்கியங்கள் மாறியிருந்ததைக் கவனித்தேன். ஆங்கில எழுத்தைத் தமிழாக மாற்றிக்கொண்டே யோசிக்கும் சுமை இறங்கியதும் வாக்கியம் நீளமாக மூச்சு விட்டது.

அடுத்தது லிங்க். இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. வேர்ட்பிரஸில் 'கோடை' என்று தலைப்பு வைத்துவிட்டு முகவரியைக் காப்பி செய்து ஒட்டினால், அந்த ஒரு சொல் சதவிகிதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து 36 எழுத்தாக நீளலாம். க, ஓகாரக் குறி, ட, ஐகாரக் குறி என்று நான்கு குறியீடு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரியில் 3 எழுத்து. ஐந்து சொல் தலைப்பு என்றால் லிங்க் பல வரி ஓடும், பார்க்கிறவர்கள் வைரஸ் என்று பயந்து தட்ட மாட்டார்கள். பிளாக்கரில் சிக்கல் வேறு விதம். முழுக்கத் தமிழில் தலைப்பு வைத்தால் எல்லாப் பதிவுக்கும் 'பிளாக் போஸ்ட்' என்று ஒரே மாதிரி முகவரியும் பின்னால் ஒரு எண்ணும்தான் கிடைக்கும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான். வெளியிடுவதற்கு முன் பதிவின் அமைப்புப் பகுதியில் பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) என்ற இடத்துக்குப் போய், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாக நீங்களே முகவரியை எழுதிவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் அனுப்பிய லிங்க் உடையலாம்.

ஆறாவது: படங்கள்

ஃபோனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். பல எம்பி கனம் இருக்கும், மெதுவான இணைப்பில் படிக்கிறவர் காத்திருந்து போய்விடுவார். அகலம் 1200 பிக்சல் போதும். அதைவிட முக்கியம், கேமராவில் லொக்கேஷன் ஆனில் இருந்தால் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். உங்கள் வீட்டு ஜன்னலைப் படம் எடுத்துப் போட்டால் வீட்டு முகவரியையே போட்டது போல ஆகலாம். கேமரா அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள், அல்லது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை ஏற்றுங்கள். அடுத்தவர் எடுத்த படம் என்றால் அனுமதி கேளுங்கள்.

ஏழாவது: மற்றவர்களின் வாழ்க்கை

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். சொந்த வாழ்க்கையை எழுதும்போது அது நம்முடையது மட்டும் இல்லை என்பது மெல்லத்தான் புரிகிறது. 1994-ல் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஜஸ்டின் ஹால் என்ற மாணவர் தன் வாழ்க்கையை இணையத்தில் எழுதத் தொடங்கினார். அப்போது இதற்குப் பெயரே கிடையாது. 'வெப்லாக்' என்ற சொல் 1997-ல்தான் வந்தது, 1999-ல் அது 'பிளாக்' என்று சுருங்கியது. இன்று நாம் செய்வதை முதலில் செய்தவர்களில் ஒருவர் நம்மைப் போல ஒரு கல்லூரி மாணவர் என்பது எனக்குப் பெரிய தெம்பு. அதே ஜஸ்டின் ஹால் 2005-ல் அப்படி எழுதுவதை நிறுத்தினார். நெருங்கியவர்களோடு இருக்கும் உறவும் அதைப் பொதுவில் எழுதுவதும் ஒன்றோடொன்று உரசியது அதற்கு ஒரு காரணம்.

நான் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். ஒருவரைப் பற்றி எழுதினால், வெளியிடும் முன் அவருக்கு அனுப்பிவிடுவேன். வேண்டாம் என்றால் நீக்கிவிடுவேன், காரணம் கேட்க மாட்டேன். பெயர் எழுத மாட்டேன். வீட்டில் பணம், நோய், சண்டை என்ற மூன்றும் நோட்டோடு நிற்கும். கோபத்தில் எழுதியது ஒரு வாரம் வரைவிலேயே இருக்கும். அந்த ஒரு வாரத்தைத் தாண்டி வெளியே வந்தது இதுவரை இரண்டே பதிவு.

நான் ஒரு முறை இதை மீறினேன். அறைத்தோழி இரவில் போனில் அழுததைப் பெயர் சொல்லாமல் எழுதினேன். பெயர் இல்லாவிட்டாலும் விடுதியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அரை மணி நேரத்தில் நீக்கினேன். அவள் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அந்த மாதம் முழுக்க மாடிக்குப் போய்த்தான் போன் பேசினாள். நீக்கிய பதிவு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் பிரதி எடுத்திருக்கவும் கூடும்.

நெருங்கியவர்கள் மட்டும் படித்தால் போதும் என்றால் அதற்கும் வழி உண்டு. பிளாக்கரில் அழைத்தவர்கள் மட்டும் படிக்கும்படி வைக்கலாம். வேர்ட்பிரஸில் ஒரு பதிவுக்கு மட்டும் பாஸ்வேர்ட் போடலாம். தேடுபொறியில் வராதபடி செய்யும் வசதி இரண்டிலும் இருக்கிறது. முதல் மாதம் அப்படி மூடி வைத்து எழுதிவிட்டு, தைரியம் வந்ததும் திறப்பதில் தவறே இல்லை.

எட்டாவது: கல்லூரி திறந்த பிறகும் நிற்காமல் இருக்க

விடுமுறையின் கடைசி வாரத்தில் நான்கு பதிவு எழுதுங்கள், ஒன்றை மட்டும் வெளியிடுங்கள். மீதி மூன்றையும் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தேதி குறித்து வைத்துவிடுங்கள். பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் வெளியிடும் தேதியை எதிர்காலத்துக்கு மாற்றினால் அந்த நாளில் தானாக வெளிவரும். வகுப்பு, அசைன்மென்ட், புது அட்டவணை என்று தலை சுற்றும் முதல் ஆறு வாரத்தை இந்த மூன்றும் தாங்கிக்கொள்ளும். அதற்குள் நீங்கள் இன்னொன்று எழுதியிருப்பீர்கள்.

எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணிக்கையை முதல் மூன்று மாதம் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். ஒன்பது என்று இருந்தது, அதில் ஐந்து நானே திறந்தது. அந்த மிச்ச நான்கு பேரில் ஒருத்தி குடை வாங்கிப்போனவள் என்பதை அந்த எண் சொல்லவில்லை. படிக்கிறவர்கள் தொடர்ந்து வர வேண்டுமென்றால் புதுப் பதிவுகளின் பட்டியலாக இருக்கும் ஆர்எஸ்எஸ் ஓடையைப் (ஃபீட்) பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். இரண்டு தளங்களும் அதைத் தாமாகவே உருவாக்குகின்றன. ஓடை வாசிப்பான் ஆப் ஒன்றில் உங்கள் முகவரியைச் சேர்த்துவிட்டால் புதுப் பதிவு அவர்களிடம் தானே போகும்.

மாதம் ஒரு முறை பிரதி எடுங்கள். வேர்ட்பிரஸில் கருவிகள் பகுதியில் ஏற்றுமதி என்று இருக்கும், பிளாக்கரில் அமைப்புகளில் காப்புப் பிரதி என்று இருக்கும். வரும் கோப்பில் படங்கள் இல்லாமல் போகலாம், அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு பிரதி லேப்டாப்பில், ஒன்று பென் டிரைவில். பதினோரு பதிவைத் தொலைத்தவள் சொல்கிறேன், ஐந்து நிமிட வேலை.

இந்த வருடத்துக்கான என் நோட்டைப் போன திங்கள்கிழமை தொடங்கினேன். சுவரில் நான்கு கோடு விழுந்திருக்கிறது. ஐந்தாவது கோட்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, பென்சிலைத் தேட வேண்டும்.